முப்பத்தேழாம் இதழ்

முப்பத்தாறில் கோபுரத்திலிருந்து விழுகிறான் கந்தகன்.
முப்பத்தெட்டில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறான்.
நடுவில் என்ன நடந்ததென்று
இருபத்திரண்டு வருஷமாக எனக்குத் தெரியாது.

அந்த மாதம் பார்சல் வரவில்லை.
லாரன்ஸ் ரோடு ரயில்வே கேட்டை ஒட்டிய கடையில்
தினமும் போய் நின்றேன்.
"நாளைக்கு" என்பார் தெய்வசிகாமணி.
நாளைக்கு என்பது அவருக்கு
எட்டாவது கிழமையின் பெயர்.

உங்களுக்குக் கந்தகனைத் தெரிந்திருக்காது.
ரசாயனத் தொட்டியில் தவறி விழுந்த குமாஸ்தா,
எழுந்தபோது உடம்பெல்லாம் மஞ்சள் நெருப்பு.
பறக்கத் தெரியாது,
தாவுவான், பெரும்பாலும் விழுவான்.
அதனால்தான் பிடித்தது.

நானும் குமாஸ்தாதான், சிப்காட்டில், எடைமேடையில்.
டேங்கர் உள்ளே போகையில் ஓர் எடை
வெளியே வருகையில் ஓர் எடை
கழித்து எழுத வேண்டும்.
காற்று திரும்பும் ராத்திரிகளில்
அழுகிய முட்டை வாசனை
என் கூண்டுக்குள் வந்து கால் நீட்டி உட்காரும்.
பத்தொன்பது வருஷம் அதை இழுத்ததில்
எனக்கு வந்த சக்தி
இருமல்.

சிவப்பு மை எப்போதும் ஒரு நூல் தள்ளியே விழும்
அவன் உதடு கன்னத்தில் இருக்கும்.
பொறுத்துக்கொண்டேன்.
மொழிபெயர்ப்பாளர் மாறினார்,
பாதரசப் பிரபு ஒரே ராத்திரியில்
மிஸ்டர் மெர்க்குரி ஆனான்.
பொறுக்கவில்லை.
ஆறு பக்கம் கண்டித்து எழுதினேன்.
வாசகர் கடிதத்தில் வந்தது இவ்வளவுதான்:
"இதழ் அருமை. ப. ஞானவரோதயன், கடலூர்-2."

முதல் தடவை அவன் செத்தபோது
பெரியப்பா என்று சொல்லி லீவு எடுத்தேன்.
ஏழு மாதத்தில் உயிரோடு வந்துவிட்டான்.
ஆபீஸ் கணக்கில் பெரியப்பாதான்
இன்னும் திரும்பவில்லை.

தானே புயலில் ஓடு பறந்த ராத்திரி
ரேஷன் கார்டை விட்டுவிட்டு
காமிக்ஸ் பெட்டியைத் தூக்கிக் கட்டிலடியில் தள்ளினேன்.
அரசி அதை மறக்கவில்லை.
மறக்கவும் வேண்டாம், நியாயம் அவள் பக்கம்.

ஆனாலும் அந்தச் சாயங்காலங்கள்!
தேவனாம்பட்டினம் மணலில் நானும் அபுதாஹிரும்
சுண்டல் பொட்டலம் ஆறிப்போக
கோபுரத்திலிருந்து அவனை எப்படி இறக்குவதென்று
இருட்டும்வரை.
என்னிடம் பதினோரு வழிகள் இருந்தன.
அபுதாஹிர் கட்சி ஒன்றே ஒன்று:
"விழுந்தது அவனே இல்லடா, வேஷம் போட்ட வேற ஒருத்தன்."
கேவலமான தப்பித்தல் என்றேன்.
மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

போன ஞாயிறு, பரங்கிப்பேட்டையில்
ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில்
இருமல் மருந்து அட்டைப்பெட்டிக்குள்
முப்பத்தேழு.
ஆயிரத்து எண்ணூறு கேட்டார்.
பேரம் பேச நாக்கு எழவில்லை.

வீடுவரை பொறுக்கலாமென்றுதான் பஸ் ஏறினேன்.
ஆலப்பாக்கம் தாண்டவில்லை.
பிரித்தேன்.

வைக்கோல் லாரி.

கோபுரத்துக்கு அடியில், மாநகரத்தின் நட்டநடுவில்
ஒரு வைக்கோல் லாரி நின்றுகொண்டிருந்தது.
அவன் அதில் விழுந்தான்.
தும்மினான்.
மீதிப் பக்கமெல்லாம் பாதரசப் பிரபுவின் கல்யாணம்.

இருபத்திரண்டு வருஷம்.
நானாக இருந்தால் அந்த லாரியை
எடை போட்டு அப்போதே அனுப்பியிருப்பேன்.

வீட்டுக்கு வந்து
முப்பத்தாறுக்கும் முப்பத்தெட்டுக்கும் நடுவில் செருகினேன்.
சரியாக உட்கார்ந்தது.
அடுப்படியிலிருந்து அரசி கேட்டாள்:
"கெடச்சிடுச்சா? எப்படித்தான் பொழைச்சானாம்?"

வாயைத் திறந்தேன்.
வந்தது என்னுடைய ஏழாவது வழி.

விழ விழ எரிந்தான் அரசி,
ஒவ்வொரு மாடியாய்த் தாண்டும்போதும்
அந்தந்த ஜன்னலில் வெளிச்சம் வந்தது.
எரிய எரிய எடை குறைந்தது.
எழுபது கிலோ, நாற்பது, எட்டு.
தரையைத் தொடும்போது
ஒரு காகிதத்தின் எடைதான் இருந்தான்.
நடைபாதையில் ஒரு பையன் குனிந்து எடுத்து
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

கரண்டி அந்தரத்தில் நிற்க
"பரவாயில்லையே" என்றாள்,
பெட்டியைப் பற்றி முதன்முதலாக.
தோசை கருகிக்கொண்டிருந்தது.

அபுதாஹிருக்கு இன்னும் சொல்லவில்லை.
வைக்கோலுக்கு
அந்த வேற ஒருத்தனே
எவ்வளவோ மேல்.